அஞ்செட்டி ஆச்சா மரத்தில் ஒரு மரக்காளான்: நிகழ்வு ஆய்வு

இந்தக் காளானுக்கு இன்னும் பெயர் இல்லை. எங்கள் குறிப்பேட்டில் அது ‘ஆச்சா-1’. லத்தீன் பெயரைத் தேர்ந்துவிட்டோம், கட்டுரையும் எழுதி முடித்தாயிற்று. ஆனால் முறையாக வெளியாவதற்கு முன் அந்தப் பெயரை இங்கே எழுதினால், விளக்கம் இல்லாத வெற்றுப் பெயராக அது ஊர் சுற்றத் தொடங்கிவிடும். பின்னால் வருகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. அதனால் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்கிறேன். மூன்று வருட வேலை இது. அதில் டி.என்.ஏ. ஆய்வுக்குப் போனது சில மாதங்கள்தான். காளான் இனம் பெருக்க உதிர்க்கும் வித்துத் தூள் ஒரு சிட்டிகை கிடைக்கக் காத்திருந்த காலம்தான் அதிகம்.

மரம்

தருமபுரியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2022 நவம்பரில் முதுகலை மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். “மேடம், எங்க தாத்தா வயல்ல இருக்கற ஆச்சா மரம். பரணுக்கு மேல பலகை மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. ரொம்ப வருஷமா இருக்காம்.” அவர் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டிப் பக்கம். அந்த வாரமே போனோம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் சாலையின் இருபுறமும் காடுதான். 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இந்தப் பகுதியில் இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. காடு முடியும் இடத்தில் கேழ்வரகு வயல் தொடங்கும். கதிர் முற்றும்போது யானையும் பன்றியும் வரும். அதனால் வயலோர மரங்களில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருப்பார்கள். மாணவரின் தாத்தாவான பெரியவரின் பரணும் அப்படி ஒரு ஆச்சா மரத்தில்தான் இருந்தது. காளான் அதற்கு மூன்றடி மேலே, பழைய வெட்டுக்காயத்தின் விளிம்பில் இருந்தது. “பரண் போடறப்ப அந்தக் கிளைய நான்தாம்மா வெட்டினேன். இவனோட அப்பா சின்னப் பையன் அப்போ” என்றார். மரத்துக்குள் பூஞ்சை எந்த வழியாகப் போயிருக்கும் என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் கிடைத்துவிட்டது.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் காளானுக்குச் சமமாக மரமும் முக்கியம். ஆச்சா என்றால் சில நூல்களில் வடநாட்டுச் சால மரத்தையும் குறிக்கும். இங்கே வளர்வது அதுவல்ல. ஒவ்வொரு இலையும் அடியில் ஒட்டி இரண்டாகப் பிரிந்திருக்கும், பார்த்தால் சின்ன வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் ஹார்ட்விக்கியா பைனாட்டா என்று பெயரிட்ட மரம் இது. வைரம் கறுஞ்சிவப்பாக, கோடாலியே திரும்பி வரும் அளவு கடினமாக இருக்கும். தழைக்காக ஆட்டுக்காரர்கள் கிளை கழிப்பார்கள், அதனால் காயம் இல்லாத ஆச்சாவைப் பார்ப்பது அபூர்வம். ஊர்ப்பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால் பின்னால் படிக்கிறவர் சால மரம் என்றே நினைத்திருப்பார். அதனால் இலையும் காயும் உள்ள ஒரு கிளையையும் அழுத்தி உலர்த்தி, காளானோடு சேர்த்தே வைத்தோம். மரத்தில் வாழும் பூஞ்சையைச் சேகரிக்கிற எவரும் மரத்தையும் சேகரிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பழைய சேகரிப்புகளில் ‘பட்ட மரத்தில்’ என்று மட்டும் எழுதிய உறைகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏணி வைத்து ஏறி, உளியும் சுத்தியும் கொண்டு பாதியை மட்டும் பெயர்த்தோம். மீதியை மரத்திலேயே விட்டோம். காளான் 14 சென்டிமீட்டர் அகலம் இருந்தது. மேல்புறம் கரி போலக் கறுத்து, காய்ந்த ஏரிமண் மாதிரி வெடித்திருந்தது. விளிம்பு மட்டும் துரு நிறத்தில், தொட்டால் வெல்வெட்டு போல இருந்தது. அடிப்புறம் காப்பிப் பொடி நிறம். வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தது, லென்ஸ் வைத்தால் ஊசிமுனைத் துளைகள் நெருக்கமாக இருந்தன. உடைத்த முகத்தில், வித்து உருவாகும் குழாய்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பல வருடம் வாழும் காளான் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு அடுக்கு சேர்க்கும். சதையில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டேன். விட்ட இடம் உடனே மை போலக் கறுத்தது. ஹைமனோகீட்டேசி குடும்பத்தின் அடையாளம் இது. அங்கேயே, பரணில் உட்கார்ந்தபடியே, குடும்பம் வரைக்கும் தெரிந்துவிட்டது.

இழந்தது

அடுத்து நடந்தது முழுக்க என் தவறு. உலர்ப்பான் அன்று பழுதாகியிருந்ததால் மாதிரியை மாடி வெயிலில் காய வைத்தேன். நவம்பர் வெயிலை நம்பியிருக்கக் கூடாது. இரண்டு நாள் மேகமூட்டம். மேலே காய்ந்தது போலத் தெரிந்ததும் காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். ஜனவரியில் உறையைத் தூக்கியபோது உள்ளே மணல் போலச் சரசரத்தது. பிரித்தால் பழுப்புத் தூள், நடுவே கடுகைவிடச் சிறிய வண்டுகள். மரக்காளானையே தின்று வாழும் வண்டுக் குடும்பம் ஒன்று உண்டு. முட்டை காளானுக்குள்ளேயே வந்திருக்கும், சரியான சூடு கிடைக்காததால் பிழைத்துக்கொண்டது. குழாய் அடுக்குகள் முழுவதும் போய்விட்டன. உள்ளங்கை அளவு சதை மிஞ்சியது.

இப்போது எங்கள் வழக்கம் வேறு. 40 முதல் 45 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்த பிறகுதான் எந்த மாதிரியும் அலமாரிக்குப் போகும்.

மிஞ்சிய சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். மரக்காளான்களை வகைப்படுத்த இழைகளைப் பிரித்துப் பார்க்கும் முறையை 1932-இல் அறிமுகப்படுத்தியவர் இ.ஜே.எச். கார்னர், சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மெல்லிய சுவருள்ள வளரும் இழைகள், தடித்த சுவருள்ள தாங்கும் இழைகள், இரண்டையும் கட்டும் கிளைத்த இழைகள் என மூன்று வகை உண்டு. எங்கள் காளானில் முதல் இரண்டு மட்டும் இருந்தன. இழைகளின் குறுக்குச் சுவரில் வளையம் போன்ற பிணைப்பு இல்லை, இந்தக் குடும்பத்தில் எதிலுமே இருக்காது. கூர்மையான பழுப்பு முள் செல்களும் இல்லை. இதெல்லாம் சேர்ந்து ஃபுல்விஃபோமீஸ் என்ற பேரினத்தைக் காட்டின. 1914-இல் அமெரிக்கப் பூஞ்சையியலாளர் மர்ரில் உருவாக்கிய பேரினம் அது. நெடுங்காலம் ஃபெல்லினஸ் என்ற பெரிய மூட்டைக்குள் கிடந்தது, 2002-இல் வாக்னரும் ஃபிஷரும் டி.என்.ஏ. அடிப்படையில் அந்த மூட்டையைப் பிரித்தபோது மறுபடி வெளியே வந்தது. ஆனால் இந்தப் பேரினத்தில் எந்தச் சிற்றினம் என்று சொல்ல வித்து வேண்டும். எங்களிடம் ஒரு வித்துகூட இல்லை.

கம்பளி

2023 முழுவதும் வித்துக்காக அலைந்தோம். ஏப்ரலில் போனோம், ஒன்றும் இல்லை. ஜூனில் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ச் சிறு துண்டு எடுத்துவந்து வெட்டிப் பார்த்தோம், குழாய்கள் வெறுமையாக இருந்தன. ஆகஸ்டிலும் அப்படியே. இந்த வறண்ட காட்டில் வருடத்துக்கு 800, 900 மில்லிமீட்டர் மழைதான். பல வருடம் வாழும் காளான்கள் பெரும்பாலான நாள் சும்மாதான் இருக்கும். வித்து உதிர்ப்பது சில வாரங்கள். அந்தச் சில வாரங்கள் எவை என்று தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும்?

செப்டம்பர் கடைசியில் பேரன் வழியாகப் பெரியவர் சொல்லி அனுப்பினார். நேரில் போனபோது அவர் பேச்சிலேயே கேட்டேன். “மழ புடிச்சு பத்து நாள் கழிச்சு ஆரம்பிக்கும்மா. ராத்திரி பூரா பரண்ல படுத்து எந்திரிச்சா காலைல கம்பளில செம்மண்ணு தூவின மாதிரி இருக்கும். தட்டுனா போயிடும். கதிரு அறுக்கற வரைக்கும் வரும். அப்புறம் நின்னுடும். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.”

கம்பளியை வாங்கிப் பார்த்தேன். கறுப்புக் கம்பளி. மடிப்புகளின் ஓரத்தில் மட்டும் துரு நிறக் கோடு, விரலால் தொட்டால் மஞ்சள் தூள் அளவுக்கு மென்மை. விரலை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்ததும் இலவங்கப்பட்டை நிறத்தில் ஒரு தீற்றல் விழுந்தது. ஒன்பது மாதமாக நாங்கள் தேடியது இருபது வருடமாக அவர் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் போனதெல்லாம் பகலில், அதுவும் தவறான மாதங்களில். அவர் மட்டும் சரியான வாரங்களில், சரியான நேரத்தில், காளானுக்கு நேர் கீழே இருந்திருக்கிறார்.

கம்பளித் தூளை ஆய்வுக்கு எடுக்க முடியாது, எதிலிருந்து விழுந்தது என்று நிரூபிக்க வழியில்லை. அன்று மாலை நான்கு கண்ணாடி ஸ்லைடுகளைக் காளானின் அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டினோம். காலையில் நான்கிலும் தூள் படிந்திருந்தது. அதே நாளில் மாதிரியும் எடுத்தோம். அதைத்தான் பின்னால் வகைமாதிரியாக, அதாவது புதிய பெயருக்கு ஆதாரமான மாதிரியாக, வைத்தோம்.

எண்ணெய் லென்ஸில் அந்த வித்துகளை முதலில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிட்டத்தட்ட உருண்டை, ஒரு பக்கம் லேசாகத் தட்டை. தடித்த சுவர், வெல்லப்பாகு நிறம். அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் நிறம் மாறவில்லை. ஒரு மாதிரிக்கு 30 வித்து வீதம் அளந்தோம். இரு முனையிலும் 5 சதவீதத்தை ஒதுக்கி, மீதியின் எல்லையைத்தான் முக்கிய அளவாக எழுத வேண்டும். நீளம் 4.5 முதல் 5.2 மைக்ரான், அகலம் 4 முதல் 4.6. துளைகள் ஒரு மில்லிமீட்டருக்கு 7 முதல் 9. இந்தத் துளை எண்ணிக்கை சாதாரணமாகத் தோன்றும். ஆனால் பத்து இடத்தில், மூன்று பேர், ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல் எண்ணினோம். ஒருவர் கண்ணுக்கு 6, இன்னொருவருக்கு 9 என்று வந்தால் சிற்றினமே மாறிவிடும்.

புளியமரத்துக் காளான்

இதற்கு நடுவில் இன்னொரு தவறும் நடந்திருக்கும். அதே ஊரில் ஒரு புளியமரத்திலும் இதே போலக் கறுத்து வெடித்த காளான் இருந்தது. 2022-லேயே அதையும் எடுத்து, அதே காளான் என்று ஒரே எண்ணில் போட்டிருந்தேன். வெளியே பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வித்து கிடைத்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புளியமரத்ததில் துளைகள் பெரியவை, வித்தும் தெளிவாகப் பெரியது. ஆச்சாக் காளானின் சதைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும், புளியமரத்ததில் அது இல்லை.

நம் நாட்டில் இப்படி வெடித்த மரக்காளான்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகளாக ஃபெல்லினஸ் ரைமோசஸ் என்ற ஒரே பெயர் போட்டு வந்திருக்கிறோம். ரைமோசஸ் என்றால் லத்தீனில் வெடிப்பு உள்ளது என்றுதான் பொருள். பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர், அவர் சேகரிப்பு லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து விளக்கம் நாலைந்து வரிதான், வித்து அளவு இருக்காது. டேராடூனில் பாக்‌ஷி பல வருடம் உழைத்து 1971-இல் இந்திய மரக்காளான்களுக்கு ஒரு நூல் தந்தார். இன்றும் நாங்கள் முதலில் திறப்பது அதைத்தான். ஆனால் அவர் காலத்தில் டி.என்.ஏ. ஒப்பீடு கிடையாது, அந்த ஃபெல்லினஸ் மூட்டை பிரியாமலேயே இருந்தது.

புதிய சிற்றினம் என்று சொல்வதில் கடினமான பகுதி இதுதான். காட்டில் புதிதாக ஒன்றைப் பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. இந்தக் குழுவில் இதுவரை வைத்த ஒவ்வொரு பெயரையும், பயன்பாட்டில் இல்லாமல் தூங்கும் பெயர்களையும் சேர்த்து எடுத்து, ‘இது அதுவல்ல, ஏனென்றால்...’ என்று எழுத வேண்டும். முந்திய பெயருக்குத்தான் உரிமை. நூற்றைம்பது வருடம் முன்பு யாரோ இலங்கையிலோ ஜாவாவிலோ இதே காளானுக்குப் பெயர் வைத்திருந்தால் எங்கள் பெயர் செல்லாது. எங்கள் ஒப்பீட்டு அட்டவணையை நிரப்பவே எட்டு மாதம் ஆனது. அலுப்பான வேலைதான், ஆனால் அதைக் குறுக்க வழியே இல்லை.

டி.என்.ஏ.

இதை விரைவாகவே சொல்லிவிடலாம். பழுப்புக் காளான்களின் நிறமிகள், டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும், அதனால் முதல் மூன்று முயற்சியும் வீண். நான்காவதில் டி.என்.ஏ. வரிசை கிடைத்தது, பார்த்தால் அது ட்ரைக்கோடெர்மா. காளான் மேல் வளர்ந்திருந்த பச்சைப் பூஞ்சையைத்தான் பெருக்கியிருக்கிறோம். கடைசியில் விளிம்பின் இளம் திசுவை மட்டும் எடுத்தபோது சரியாக வந்தது. 2012-இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக முன்மொழியப்பட்ட ஐ.டி.எஸ். பகுதியையும், ரைபோசோமின் பெரிய அலகுப் பகுதியையும் படித்தோம். பொதுத் தரவுத்தளத்தில் இதற்கு நெருங்கிய பொருத்தம் எதுவும் இல்லை.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வரிசைகளின் ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கீழே, ஆகவே புதியது என்று. நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தரவுத்தளத்தில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம். சதவீதக் கோடு ஒரு வசதிக்காகப் போட்டது, இயற்கை அதைப் பார்த்து நடப்பதில்லை. 2024-இல் சுற்றுவட்டாரத்தில் வேறு இரண்டு ஆச்சா மரங்களில், இரண்டும் பட்டா நிலம்தான், இதே காளான் கிடைத்தது. உருவமும் வித்தும் கறுப்புக் கோடும் ஒத்துப்போயின. மூன்று மரத்து வரிசைகளும், எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரபுவழி மரப்படத்தில் ஒரே கிளையில் சேர்ந்தன. புளியமரத்தது வேறு கிளைக்குப் போனது. அன்றைக்குத்தான் மாணவரிடம் “சரி, எழுதலாம்” என்றேன்.

எழுதுவதும் சேர்ப்பதும்

1935-இலிருந்து 2011 வரை புதிய பூஞ்சையை லத்தீனில் விவரித்தால்தான் செல்லும். 2012 முதல் ஆங்கிலமும் போதும். 2013 முதல் பெயரைப் பூஞ்சைப் பெயர்களுக்கான பதிவகத்தில் சேர்த்து எண் வாங்கி, அந்த எண்ணை வெளியீட்டிலேயே அச்சிட வேண்டும். எண் இல்லையென்றால் பெயரே செல்லாது. வகைமாதிரி ஒன்றே ஒன்றுதான், அது உலர்த்திய மாதிரிகளைக் காக்கும் எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, புதிய உயிரினத்தைக் கண்டவர் அதை அறிவித்து, அரசு குறித்த சேமிப்பகத்தில் சான்று மாதிரியையும் கொடுக்க வேண்டும். பூஞ்சைகளுக்குப் புனேயில் அஜ்ரேகர் தொகுப்பும், புதுடெல்லியில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொகுப்பும் இருக்கின்றன. கல்லூரி அலமாரியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பே இல்லை. வண்டுகள் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டன.

பெயர் வைக்கும்போது மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தாத்தா பேரை வைக்கலாமா மேடம்?” விதியில் தடை ஒன்றும் இல்லை. பெரியவரிடம் கேட்டோம். அவர் சம்மதிக்கவில்லை. “எம் பேரு எதுக்கு, மரத்தோட பேரையே வைங்க” என்றார். அவர் வீட்டில் பேசுவது கன்னடம், காளானை அணபெ என்பார்கள். ஆச்சாவின் பெயரா, அணபெயா, ஊரா என்பதைக் கட்டுரை வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் வித்து உதிரும் பருவம் பற்றிய பத்தி அவர் சொன்னதுதான். நன்றியுரையில் அவர் அனுமதியோடு அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்.

உலகில் 22 முதல் 38 லட்சம் வகைப் பூஞ்சைகள் இருக்கலாம் என்பது 2017-இல் ஹாக்ஸ்வொர்த்தும் லூக்கிங்கும் செய்த மதிப்பீடு. இதுவரை பெயர் பெற்றவை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அஞ்செட்டிக் காட்டோரத்தில் வெட்டுக்காயம் இல்லாத ஆச்சா அபூர்வம் என்று முன்பே சொன்னேன். அந்தக் காயங்களில் வேறு என்னென்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. மரத்துக்கு இந்தப் பூஞ்சை செய்யும் கெடுதல் எவ்வளவு என்பதும் அடுத்த வேலை. இது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைத் தின்று மரத்தை வெளுத்த நாராக்கும் வகை. பெரியவரின் மரத்தில் காயத்துக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகிறது, ஆனாலும் வருடா வருடம் தழைக்கிறது.

2022-இல் மரத்தில் விட்டுவந்த பாதி, வெட்டிய முகத்தை மூடிக்கொண்டு, துரு நிறத்தில் புது விளிம்பு விட்டிருக்கிறது. கேழ்வரகு கதிர் பிடிக்கத் தொடங்கியதால் பெரியவர் மறுபடி பரண் ஏறிவிட்டார். கம்பளிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டித் துணியையும் விரித்து வைத்திருக்கிறாராம். நேற்று பேரன் பேசினார். மழை இந்த வருடம் பிந்திவிட்டது, துணியில் இன்னும் எதுவும் விழவில்லை.